மூடிக் கிடந்த போனட்

டாரில் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சங்கிலியைத் தரையில் போட்டான். வணக்கம் சொல்கிற ஆசாமி இல்லை அவன்.

"மறுபடியுமா? நேத்தே எல்லாம் சொல்லியாச்சே."

"நேத்து நீ சொன்னது மொத்தம் பதினாலு வார்த்தை," என்றேன். "அதுல எட்டு கெட்ட வார்த்தை. நோட்டுல எழுதிக்கவே முடியல."

நெரிடா என் பக்கம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள். 'கோஸ்டா, வாயை மூடு' என்று அதற்கு அர்த்தம். ஒன்பது வருஷமாக அந்த விரலிடம் சம்பளம் வாங்குகிறேன். பெரும்பாலும் மூடிக் கொள்வேன்.

கர்லூ வெல்லை ஊர் என்று சொன்னால் ஊர்கள் கோபித்துக் கொள்ளும். பாலைவன நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோலும் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கிற ஒரு ரோட்ஹவுஸ், பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் தகரக் கொட்டகை, பின்னால், பழுதாகி நின்று போன வண்டிகளை டாரில் தன் டோ வண்டியில் இழுத்து வந்து போடும் யார்டு. அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன் தெற்கே நூற்று எழுபது கிலோமீட்டர் தள்ளி.

மூன்று வாரத்துக்கு முன்னால் மெர்வ் டீகன் என்ற எழுபத்தொரு வயது மனிதர், ஒரு கூடார ட்ரெய்லரை இழுத்துக் கொண்டு இந்தப் பக்கம் வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது ரேடியேட்டர் குழாய் வெடித்து வண்டி நின்றது. செல்போன் எடுக்காத இடம். அன்று வெயில் நாற்பத்தாறு டிகிரி. மறுநாள் காலை ட்ரெய்லருக்கு அடியில் அவரைப் பிணமாகப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னவன் டாரில். தண்ணீர் கேனில் பாதி மிச்சம் இருந்தது. இதயம்தான் தாங்கவில்லை. சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

போலீஸ் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: 'போனட் மூடியிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. சாலையில் எச்சரிக்கை முக்கோணம் வைக்கப்படவில்லை. இறந்தவர் உதவி கோரியதற்கான அடையாளம் ஏதும் இல்லை.'

இந்தக் கடைசி வரிக்காகத்தான் அவருடைய மகள் டெனீஸ் தனியார் துப்பறிவாளர்களான எங்களைத் தேடி வந்தாள். "நான் லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே அப்பா ஒப்பிக்க வெச்சார். வண்டி நின்னா போனட்டைத் தூக்கு, விளக்கைப் போடு, முக்கோணத்தை வை, வண்டியை விட்டு நகராதே. அவரே மறந்துட்டாராம். புத்தி தடுமாறின கிழவராம். ஊர்ல அப்படித்தான் பேசிக்கறாங்க. அந்த வரியை அடிச்சுக் குடுங்க, வேற எதுவும் வேணாம்," என்றாள்.

நெரிடா இரண்டு படங்களை டாரிலின் டோ வண்டி மேல் பரப்பினாள். இரண்டும் அந்த வழியாகப் போன வண்டிகளின் முன்கண்ணாடி கேமராவில் விழுந்தவை. கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

"இது பதினொன்னு நாப்பதுக்கு. கேரவன் இழுத்துக்கிட்டுப் போன ஒரு தம்பதி எடுத்தது. போனட் தூக்கியிருக்கு. விளக்கு எரியுது. பின்னாடி முக்கோணம் இருக்கு."

"அவங்க ஏன் நிக்கல?" என்று கேட்டான் டாரில்.

"எதிர்ல மூணு ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு ஒரு ரோட் ட்ரெயின் லாரி, பின்னால ஒண்ணு. மூணு டன் கேரவனை மண்ணுல இறக்கினா ஏறாதுன்னு பயம். வண்டிக்கு வண்டி பேசற ரேடியோல சொன்னாங்க. 'சரி, பாத்துக்கறேன்'னு யாரோ பதில் சொல்லியிருக்காங்க. ஒரே கரகரப்பு, ஆணா பொண்ணான்னே புரியலயாம்."

இரண்டாவது படத்தை நெரிடா முன்னால் தள்ளினாள். "இது மூணு பத்துக்கு. லாரி டிரைவர் ஒருத்தர் குடுத்தது. போனட் மூடியிருக்கு. விளக்கு இல்ல. முக்கோணம் இல்ல. பக்கக் கண்ணாடியில நீலமும் வெள்ளையுமா நாடா."

அந்த நாடா இந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் வந்து பார்த்துவிட்ட வண்டி, ஆள் பத்திரமாகப் போயாயிற்று, நிற்க வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒன்பது வண்டிகள் போயிருக்கின்றன. ஒன்றும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

"நாங்க கட்டலன்னு போலீஸ் சொல்றாங்க," என்றாள் நெரிடா. "ஆனா ஸ்டேஷன் தூரம்கறதால இங்கயும் நாடா குடுத்து வெச்சிருக்காங்க. உன் வண்டியில ஒரு சுருள் பார்த்தேன்."

"இருக்கு. அதுக்கென்ன?"

நான் விரலை மறந்து பேசிவிட்டேன். "தெற்கே ஒரு டோ வண்டிக்காரன் உனக்குப் போட்டி. முதல்ல அவன் கண்ணுல பட்டா வேலை அவனுக்குப் போயிடும். நாடாவைக் கட்டிட்டா நாளைக்கு நிதானமா நீயே இழுத்துக்கலாம். சரியா?"

டாரில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் குரல் தாழ்ந்தது.

"கொதிச்சுப் போன இன்ஜினை எந்த மெக்கானிக்காவது மூடி வைப்பானாய்யா? சூடு வெளிய போகத்தானே போனட்டைத் தொறக்கறது? அதை மூடினவனுக்கு வண்டியப் பத்தித் தெரியாது. நான் இருபத்தாறு வருஷமா வண்டி இழுக்கறேன். பெரியவரு போயாச்சு. விட்டுத் தொலைங்க."

"மெர்வோட வண்டி இங்கதானே நிக்குது? சாவி குடு," என்றாள் நெரிடா.

யார்டின் மூலையில் ட்ரெய்லரோடு தூசு படிந்து நின்றது அது. நெரிடா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜின் ஒரே திருகலில் சுறுசுறுப்பாகச் சுற்றியது. உடனே நிறுத்திவிட்டாள்.

"பேட்டரிக்கு சார்ஜ் போட்டியா?"

"நான் ஏன் போடறேன்?"

"அன்னிக்குக் காலைல பதினொரு மணியிலேர்ந்து நாலு விளக்கும் கண் சிமிட்டிக்கிட்டு இருந்தா, மறுநாள் இந்த பேட்டரி செத்துப் போயிருக்கணும்."

டாரில் சங்கிலியை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டத் தொடங்கினான். மாட்டியதையே கழற்றிக் கழற்றி மாட்டினான். அதற்குள் நெரிடா இறங்கி, ட்ரெய்லரின் முன்பக்கத்து இரும்புப் பெட்டியைத் திறந்து, எதையோ எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக் கொண்டாள்.

யார்டுக்கு வெளியே ஒரே ஒரு மரம். அதன் நிழலில் நின்றோம்.

"விளக்கை அணைச்சது பெரியவராவே இருக்கலாமே பாஸ்? பேட்டரி தீர்ந்துடும்னு."

"சரி. அப்ப போனட்டையும் அவரே மூடி, முக்கோணத்தையும் அவரே எடுத்து வெச்சு, போலீஸ் நாடாவையும் அவரே கட்டிக்கிட்டு, யாராவது வந்து காப்பாத்துவாங்கன்னு ட்ரெய்லர் அடியில போய் படுத்தாரா?"

"அப்படின்னா கொலை. பெரியவர் உதவிக்கு வெச்ச அடையாளம் ஒவ்வொண்ணையும் எவனோ தேடித் தேடி அழிச்சிருக்கான். ஆனா என்ன ஒரு கொலைகாரன் பாருங்க. ஆளைச் சாகடிச்சுட்டு பேட்டரியைக் காப்பாத்திட்டான்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் கசந்து போயிருந்தது.

"நீ கிண்டலுக்குச் சொன்னே, அதுதான் விஷயம். ஒருத்தரைச் சாக விடறவன் பேட்டரிக்கு ஏன் கவலைப்படறான்? யோசிச்சுப் பாரு. போனட்டைத் தொறந்து போட்டா மண்ணு அடிச்சு இன்ஜினுக்குள்ள போகும், அதனால மூடியாச்சு. முக்கோணம் ரோட் ட்ரெயின் காத்துல பறந்து தொலைஞ்சுடும், எடுத்து உள்ள வெச்சாச்சு. வர்றவங்க எல்லாம் இந்த வெயில்ல இறங்கி நேரத்தை வீணாக்குவாங்களேன்னு நாடாவும் கட்டியாச்சு. இதுல எது கோஸ்டா கெட்ட எண்ணம்?"

நான் நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"வண்டிக்காரர் யாரோட வண்டியிலயோ ஏறிப் போயிட்டார்னு நெனச்ச ஒருத்தர், அவர் பொருளைப் பத்திரமா வெச்சுட்டுப் போயிருக்காங்க. பணம் கேக்காம, பேர் சொல்லாம. நாம பதினொரு நாளா ஒரு அயோக்கியனைத் தேடிக்கிட்டு இருக்கோம். தப்பு. தேட வேண்டியது ஒரு நல்ல ஆளை."

"இந்த இடத்துல மொத்தமே அஞ்சாறு பேர் பாஸ். அதுல நல்ல ஆளுன்னு..."

வாக்கியத்தை முடிக்காமல் எங்கள் காரைப் பார்த்தேன். காலையில் ரோட்ஹவுஸில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். நாலு டயருக்கும் காற்று பார்த்திருந்தார்கள். எங்கள் ஐஸ் பெட்டியில் புது ஐஸ். யாரும் கேட்கவில்லை, யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஒருத்தர் நல்லவங்கன்னு சந்தேகப்படறது இதான் முதல் தடவை," என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ரோட்ஹவுஸில் பகல் சாப்பாட்டுக் கூட்டம் போய்விட்டிருந்தது. டெனீஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி, ஆறிப் போயிருந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்துக் கொண்டிருந்தாள் ரோண்டா. ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு. இங்கே சமையல், கல்லா, படுக்கை விரிப்பு எல்லாம் அவள்தான். ஆம்புலன்ஸும் அவள்தான் ஓட்டுகிறாள், சம்பளமில்லாமல். டெனீஸ் வந்த மூன்று நாளாக அறைக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"வேற ஏதாவது பண்ணித் தரட்டா கண்ணு? முட்டை? வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

"வேணாம் ரோண்டா. நீங்க உக்காருங்க, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க," என்றாள் டெனீஸ்.

நெரிடா எதிரில் உட்கார்ந்து தோள்பையைத் திறந்தாள். மடித்த சிவப்பு முக்கோணத்தை மேஜை மேல் வைத்தாள். அதைச் சுற்றி பாத்திரம் துடைக்கிற ஒரு வெள்ளைத் துண்டு, ஓரம் மடித்துச் செருகி, கச்சிதமாக.

"டெனீஸ், அப்பா பெட்டியில இது இருந்தது. துண்டு அவரோடதா?"

டெனீஸ் பிரித்துப் பார்த்தாள். துண்டில் ஒரு ஈமு கோழி, ஒரு பெட்ரோல் பம்பு, மேலே கர்லூ வெல் ரோட்ஹவுஸ் என்ற பெயர். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே துண்டுகள் அடுக்கி விற்பனைக்கு இருந்தன.

"அவரோடது இல்ல. இங்க வாங்கியிருப்பார்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக் கொண்டாள். "எப்படி வாங்கியிருப்பார்? அப்பா இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. அம்மா போனப்புறம் இதுதான் முதல் பயணம். இங்க வந்து சேரவே இல்லையே அவர்."

நெரிடா ரோண்டாவைப் பார்க்கக்கூட இல்லை. மேஜையைத்தான் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"இரும்புப் பெட்டியில போட்டா ஆடி சத்தம் போடும்," என்றாள் ரோண்டா. "அதான் சுத்தி வெச்சேன்."

டெனீஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கவில்லை.

"ரேடியோல கேட்டுட்டு நான்தான் போனேன் கண்ணு. ஒரு மணி இருக்கும். சாவி வண்டியிலயே இருந்தது. இங்க யாராவது ஏத்திக்கிட்டுப் போனா, டோ வண்டிக்காரனுக்காக சாவியை விட்டுட்டுப் போவாங்க, அதான் பழக்கம். சரி, யாரோ கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். இருந்தாலும் கூப்பிட்டேன். ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன்."

"அவருக்குக் காது கேக்காது."

"அப்ப எனக்குத் தெரியாது."

"காதுல மிஷின் வெச்சிருப்பார். வேர்வை பட்டா கெட்டுடும்னு கழட்டி டப்பாவுல போடுவார். எப்பவும் அப்படித்தான்." டெனீஸின் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "ட்ரெய்லர்கிட்ட போனீங்களா?"

"போனேன். முன்பெட்டியில முக்கோணத்தை வெச்சேன்."

"அவர் அந்தப் பெட்டிக்கு ஆறடி பின்னால படுத்திருந்தார்."

"ஆமா."

"நிழல்ல. அடியில மண்ணைத் தோண்டி."

"நான் குனியல," என்றாள் ரோண்டா. "ரெண்டு மணிக்கு பஸ் வருது, நாப்பது பேருக்குச் சாப்பாடு, அடுப்புல இறைச்சி கெடக்கு. பேட்டரி போயிடக் கூடாதேன்னு விளக்கை அணைச்சேன், போனட்டை மூடினேன், ஆம்புலன்ஸுக்குக் குடுத்திருந்த நாடாவைக் கட்டினேன். எல்லாத்தையும் பண்ணினேன். குனிஞ்சு பாக்கறதுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அதைப் பண்ணல."

கதவருகே சத்தம் கேட்டது. டாரில் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றான்.

"அன்னிக்கு சாயங்காலம் இவ என்கிட்ட சொன்னா, ஒரு வண்டி நிக்குது, ஆளு போயாச்சு, காலைல இழுத்துட்டு வந்துடுன்னு. மறுநாள் போய்ப் பாத்தேன். போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நாடாவை நான்தான் அவுத்தேன். இவ போலீஸ்கிட்ட சொல்றேன்னுதான் சொன்னா. நான்தான் விடல. எல்லாப் பக்கமும் சேத்து முந்நூறு கிலோமீட்டருக்கு ஆம்புலன்ஸ்னு இருக்கறது இவ ஒருத்திதான். இவளை எடுத்துட்டா இங்க யாரு இருக்கா?"

"அதுக்காக எங்கப்பாவைப் பைத்தியமாக்கினீங்க," என்றாள் டெனீஸ்.

"அவருக்கு இனிமே என்ன..."

"முடிச்சுடாதே அதை," என்று நான் சொன்னேன். வழக்கமாக எனக்கு வாய் நீளம், கை நீளாது. அன்று நீண்டிருக்கும்.

டெனீஸ் மேஜையைச் சுற்றிக் கொண்டு கல்லாவுக்குப் போய், ஆர்டர் எழுதும் தாள் கட்டையும் பேனாவையும் எடுத்து வந்து ரோண்டா முன்னால் வைத்தாள். மூன்று நாளாகத் தனக்கு ஊட்டாத குறையாகச் சோறு போட்ட பெண்ணை அவள் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. ஒரு கயவன் கிடைத்திருந்தால் அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். திட்டலாம், காறித் துப்பலாம், ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"எழுதுங்க. போனட்டைத் தூக்கி வெச்சிருந்தார்னு எழுதுங்க. விளக்கு போட்டிருந்தார், முக்கோணம் வெச்சிருந்தார், வண்டியை விட்டு நகரலன்னு எழுதுங்க. நான் எல்லாத்தையும் அழிச்சேன்னு எழுதுங்க."

ரோண்டா எழுதினாள். மேலே மேஜை எண், எத்தனை பேர் என்று அச்சடித்த காகிதம். இரண்டு தாள் ஆயிற்று. எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. மூன்று வாரமாக இந்த வாக்கியங்களை மனசுக்குள் எழுதிப் பார்த்திருப்பாள் போல. எழுதி முடித்ததும் டெனீஸ் வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்று, மறுபடி வாசித்தாள். நெரிடா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள். கேஸ் முடிந்த நாளில் அவள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ரேடியோ கரகரத்தது. ஒரு ஆண் குரல், மூச்சு வாங்கியது. வடக்கே அறுபது கிலோமீட்டரில் கேரவன் ஒன்று ஆட ஆரம்பித்து, ஓட்டியவர் பயந்து காரின் பிரேக்கை அழுத்தி, காரும் கேரவனும் சேர்ந்து உருண்டு விட்டன. ஒரு அம்மா வெளியே இருக்கிறாள். அவள் புருஷனைக் காணவில்லை.

ரோண்டாவின் கை ரேடியோவின் பக்கம் பாதி போய் நின்றுவிட்டது. திரும்பவும் மடியில் வைத்துக் கொண்டாள்.

"டாரில், நீ போ."

"எனக்கு என்ன தெரியும்? நான் வண்டியத்தான் தூக்குவேன்."

"என்னால இனிமே முடியாது. நான் போகக் கூடாது."

ரேடியோ மறுபடி கூப்பிட்டது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டது. நான் நெரிடாவைப் பார்த்தேன். நெரிடா டெனீஸைப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அவளிடம் கேட்பது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டெனீஸ் இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்து ரோண்டாவின் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க," என்றாள். "போய், இந்தத் தடவை குனிஞ்சு பாருங்க."

ரோண்டா இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆம்புலன்ஸ் சாவியை எடுத்துக் கொண்டு ஓடினாள்.